தூளிக்குக் கீழே டைகர்

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்
(அரசு கால்நடை மருத்துவமனைகளில் 31 வருடம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் நாய் இருக்கிறது, குழந்தை வந்துவிட்டது அல்லது வரப்போகிறது. அதனால் பூனைக்காரர்களும் கிளிக்காரர்களும் இந்த ஒரு தடவை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு 3 மாதம் முடிந்துவிட்டது. 5ஆம் மாதம் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே டைகர் என்ற 4 வயது லேப்ரடார் இருக்கிறான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன், எங்கள் கட்டிலில்தான் படுப்பான். "தோட்டத்துல கொண்டு போய் விட்டுடுவோம்" என்கிறார் மாமியார். "டைகர் ஒன்னும் பண்ணாது, அதுவும் ஒரு குழந்தை மாதிரிதான்" என்கிறார் கணவர். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படவில்லை.
வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: எனக்கும்தான் படவில்லை அம்மா.

"ஒன்னும் பண்ணாது" என்ற பேச்சை நான் அதிகமாகக் கேட்டது கடி நடந்த வீடுகளில். குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அடுத்து நாயைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். "இதுவரைக்கும் ஒன்னும் பண்ணினதே இல்ல டாக்டர்" என்பார்கள். உண்மைதான். இதுவரைக்கும் அந்த வீட்டில் தவழும் குழந்தையும் இருந்ததில்லையே. சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான். சொந்த வீட்டு நாய், தாத்தா வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய். பிள்ளையின் முகமும் நாயின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதால் கடி விழுவதும் முகத்திலோ கழுத்திலோதான்.

மாமியார் சொல்கிறபடி தோட்டத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 4 வருடம் கட்டிலில் படுத்தவனை மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். சங்கிலியிலேயே கிடக்கும் நாய்க்கு விலகிப் போக வழி இல்லை, அதனால் அதற்குத் தெரிந்த ஒரே வழி பாய்வதுதான். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவீர்கள். அங்கே இருப்பது பழைய டைகராக இருக்காது.

இப்போது டைகர் பக்கம் நின்று யோசியுங்கள். 7ஆம் மாதம் வளைகாப்பு முடிந்து நீங்கள் கிளம்பிப் போனீர்கள். ஏன் போனீர்கள் என்று அவனுக்குத் தெரியாது. 7 மாதம் கழித்து ஒரு நாள் வாசலில் கார், ஆரத்தி, ஒரு பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள், நடுவில் நீங்கள். கையில் கீச்சுக்குரலில் கத்தும் ஒரு மூட்டை. டைகர் சந்தோஷத்தில் உங்கள் மேல் பாயத்தான் செய்வான், 30 கிலோவும் சேர்ந்து. அன்றைக்கே அவனுக்கு அடி விழும். குழந்தையைப் பற்றி அவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அந்த அடியாகிவிடும்.

அதனால் வேலை இன்றைக்கே தொடங்க வேண்டும். செய்ய வேண்டியவர் உங்கள் கணவர். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருவார் அல்லவா, திரும்பும்போது குழந்தை கட்டியிருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்து அனுப்புங்கள். அதை டைகர் மூக்கில் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். நாற்காலியில் போட்டுவிட்டு அவனாக வந்து மோந்து பார்க்கட்டும், அமைதியாகப் பார்த்தால் ஒரு பிஸ்கட். குழந்தை அழுவதை போனில் பதிவு செய்து, முதலில் மெதுவாக, நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டி, அவன் சாப்பிடும் நேரத்தில் ஓடவிடச் சொல்லுங்கள். கட்டிலில் ஏறுவதை இந்த வாரமே நிறுத்த வேண்டும். குழந்தை வந்த அன்றைக்கு நிறுத்தினால், டைகர் கணக்கில் கட்டில் பறிபோனதற்குக் காரணம் குழந்தை.

வரும் அன்று ஆரத்தி முடியும்வரை டைகர் கொல்லையிலோ மூடிய அறையிலோ இருக்கட்டும். குழந்தையை உங்கள் அம்மா கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் வெறுங்கையோடு போய் அவனைப் பாருங்கள். துள்ளி, குதித்து, அழுது முடிக்கட்டும். கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு சாயங்காலம், வாரில் பிடித்துக்கொண்டு, நாலு அடி தள்ளி நின்று குழந்தையைப் பார்க்கட்டும். அன்றைக்கு அவ்வளவு போதும். "அண்ணன் முத்தம் கொடு" என்று குழந்தையின் கன்னத்தை நாயின் வாயருகே நீட்டி போட்டோ எடுக்கும் சித்தப்பாக்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. அவரை முதலில் கட்டிப்போடுங்கள்.

தூளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் படித்த வெளிநாட்டு நாய் வளர்ப்புப் புத்தகங்களில் தூளி கிடையாது, அதற்குப் பதில் வேலிவைத்த மரக்கட்டில்தான். நம் வீட்டில் உத்தரத்துக் கொக்கியிலிருந்து சேலை தொங்குகிறது, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். அது ஆடுகிறது. உள்ளே ஏதோ நெளிகிறது, கீச்சிடுகிறது. நாயின் மூளையில் மிகப் பழைய ஒரு மூலை இருக்கிறது. சின்னதாக, வேகமாக, கீச்சிட்டுக்கொண்டு அசைவதை எட்டிப் பிடிக்கச் சொல்லும் மூலை அது. லேப்ரடார், பொமரேனியன், நாட்டு நாய் என்று அதில் வித்தியாசம் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி முயல் விரட்டும் இனமாக இருந்தால் இன்னும் அதிகம். கெட்ட எண்ணமே வேண்டாம், விளையாட்டுக்கு ஒரு தடவை சேலையைப் பல்லால் பிடித்து இழுத்தாலே போதும்.

எனவே தூளியை இப்போதே கட்டி, உள்ளே ஒரு வேட்டியைச் சுருட்டிப் போட்டு தினமும் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். டைகருக்கு அது அலுத்துப்போக வேண்டும். அலுத்துப்போன பிறகும், குழந்தை தூளியில் இருக்கும்போது அந்த அறைக்குள் டைகர் இருக்கக் கூடாது. தூளிக்குக் கீழே அவன் காவலாகப் படுத்திருப்பது பார்க்க அழகாக இருக்கும். நீங்கள் குளிக்கப் போகும் பத்து நிமிடத்தில் அந்த அழகு வேண்டாம். அறை வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு போட்டுவிடுங்கள், தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. பெரியவர்கள் யாராவது கூடவே இருந்தால் மட்டும் நாயும் குழந்தையும் ஒரே அறையில். 'கூடவே' என்றால் போனைப் பார்த்துக்கொண்டு சோபாவில் இருப்பது கணக்கில் வராது.

மகனுக்குப் பிறகு டைகருக்கு நேரம் இருக்காது, தெரியும். ஆனால் காலையும் மாலையும் அவனை வெளியே கூட்டிப் போவதை உங்கள் கணவர் விடக்கூடாது. 'குழந்தை மாதிரி' என்றவர் அவர்தானே!

*

கேள்வி: பேத்திக்கு 8 மாதம். வீட்டு நாயின் முடி எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும், இழுப்பு வரும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். இப்போது சொன்னால் மருமகள் சிரிக்கிறாள்.
வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, முடி அப்படியே மலத்தில் போய்விடும், முடியால் கட்டி வராது. ஆனாலும் மருமகளை ரொம்பச் சிரிக்க விடாதீர்கள். அந்தப் பேச்சுக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆடு வெட்டும் இடத்தில் கிடக்கும் ஈரல், நுரையீரலைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் ஒரு குட்டி நாடாப்புழு வளரும். அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மலத்தில் வெளியேறி, நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். அது மனிதர் வாய்க்குள் போனால், வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்து ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி ஆகும். முட்டையைப் பார்க்க முடியாத அந்தக் காலத்துப் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிந்த முடிமேல் பழியைப் போட்டார்கள். ஆக, உங்கள் நாய்க்குக் கறிக்கடைக் கழிவு கொடுத்தால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பூச்சி மாத்திரை வாங்கும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் கேட்குமா என்று விசாரித்து வாங்குங்கள்.

இழுப்பு விஷயத்தில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஸ்வீடனில் பல லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. பிறந்த முதல் வருடத்தில் நாய் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு முன் 2012இல் பின்லாந்தில் 397 குழந்தைகளை முதல் வருடம் முழுக்கக் கவனித்தார்கள். நாய் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு மூச்சுத் தொற்றும் காதுத் தொற்றும் குறைவு. இதைப் படித்துவிட்டு மருந்துபோல நாய் வாங்கக் கிளம்ப வேண்டாம். அது அந்த ஊர் நாய், தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறாத நாய். குழந்தைக்கு ஏற்கெனவே இழுப்பு வந்திருந்தால் பேச்சே வேறு, குழந்தை டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

பேத்தி தவழும் தரையைக் காலையில் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். துடைப்பத்தால் பெருக்கினால் முடி பறந்து அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் திரும்பி வரும்.

*

கேள்வி: எங்கள் நாட்டு நாய் ஆறுமாதக் குழந்தையின் கை, கால், வாய் எல்லாம் நக்குகிறது. நாய் எச்சில் புண்ணை ஆற்றும் என்று மாமா சொல்கிறார். விடலாமா?
வாசகி, சிவகாசி

பதில்: தன் புண்ணை நாய் நக்குவது அதற்கு வேறு வழி இல்லாததால். நக்கினால் புண் ஆறாது என்பதால்தான் கழுத்தில் புனல் மாட்டி அனுப்புகிறோம், உங்கள் மாமா பார்த்திருப்பார்.

குழந்தையை நாய் ஏன் நக்குகிறது என்று யோசித்தீர்களா? பாசமும் இருக்கலாம். ஆனால் குழந்தை கக்கிய பால் வாயோரம் காய்ந்திருக்கிறது, உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய், கையில் பிஸ்கட் துகள். நாய்க்கு அது ஒரு தட்டு. துடைத்துவிட்டால் பாதி பாசம் குறைந்துவிடும், செய்து பாருங்கள்.

நல்ல தோலில் நக்கினால் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வெறிநாய்க்கடி நோய்க்கான வழிகாட்டுதலிலும் காயமில்லாத தோலில் நக்கினால் ஊசி தேவையில்லை என்றுதான் இருக்கிறது. காயம்பட்ட தோல், வாய், கண் இவற்றில் எச்சில் பட்டால் அதே வழிகாட்டுதல் அதைக் கடுமையான கடியோடு ஒன்றாகச் சேர்க்கிறது. பெரியவர்கள் என்றால் எங்கே கீறல் என்று சொல்வோம். கைக்குழந்தை தன் நகத்தாலேயே கன்னத்தைக் கீறிக்கொள்ளும். அரைக்குக் கீழே ஈரத்தில் தோல் சிவந்து வெடித்திருக்கும். பிறந்த புதிது என்றால் தொப்புள் ஆறியிருக்காது. எங்கே காயமில்லாத தோல் என்று நீங்களும் நானும் எப்படிச் சொல்வது? அதனால் முகம், கை, அரை மூன்றும் நாய்க்குக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் சாக்ஸ் போட்ட காலை மோந்துவிட்டுப் போகட்டும்.

நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா? 3 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. அட்டை இல்லையென்றால் நாளைக்கே போடுங்கள்.

*

கேள்வி: மாடி கட்டுவதற்காக வாசலில் மணல் கொட்டியிருக்கிறது. ஒன்றரை வயது மகன் அதில்தான் விளையாடுகிறான். எங்கள் நாயும் தெரு நாய்களும் அதில்தான் படுக்கின்றன. பிரச்சினை வருமா?
வாசகர், திருப்பூர்

பதில்: படுப்பதோடு நிற்குமா? ஒதுங்குவதும் அங்கேதான். பூனையும் சேர்த்து.

நாய்க்குட்டிகள் பலவற்றுக்குத் தாயின் வயிற்றிலேயே உருண்டைப்புழு வந்துவிடுகிறது. புழுவின் முட்டை மலத்தோடு வெளியே விழும். விழுந்த உடனே அதனால் தொற்று வராது, மண்ணில் இரண்டு வாரம் போலக் கிடந்து முதிர வேண்டும். முதிர்ந்துவிட்டால் வெயில், மழை எதற்கும் சாகாமல் வருடக்கணக்கில் கிடக்கும். பிள்ளை மணலோடு விரலைச் சூப்பினால் உள்ளே போய், குஞ்சுப்புழு ஈரல், நுரையீரல் என்று அலைந்து, சில நேரம் கண்ணுக்கும் போகும். கொக்கிப்புழு வேறு மாதிரி. அதன் குஞ்சு ஈர மணலிலிருந்து நேராகத் தோலைத் துளைத்து ஏறி, பிட்டத்திலும் பாதத்திலும் சிவப்புக் கோடு வரைந்தது போல நெளிந்து நெளிந்து அரிக்கும்.

அந்த இரண்டு வாரம்தான் நமக்குக் கிடைத்த அவகாசம். தினமும் எடுத்துப் போட்டுவிட்டால் முட்டை முதிர வாய்ப்பே இல்லை. உங்கள் நாயின் மலத்தை அன்றன்றைக்கு அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள் அல்லது கக்கூஸில் கொட்டுங்கள். மணலைத் தார்ப்பாயால் மூடி நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். கொத்தனார் முணுமுணுப்பார், பரவாயில்லை. குட்டிக்கு 2 வாரத்தில் தொடங்கி 3 மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, 6 மாதம்வரை மாதம் ஒன்று, பெரிய நாய்க்கு 3 மாதத்துக்கு ஒன்று. வெளியே சுற்றும் நாயும் தவழும் பிள்ளையும் ஒரே வீட்டில் என்றால் மாதா மாதம்கூடக் கொடுக்கச் சொல்வோம். எடை பார்த்து உங்கள் ஊர் டாக்டரிடம் அளவு வாங்கிக்கொள்ளுங்கள். மகனுக்கு மணல் ஆசை என்றால் ஒரு பேசின் நிறைய அள்ளி மொட்டை மாடியில் வைத்து, இரவில் மூடிவிடுங்கள்.

*

கேள்வி: 10 மாத மகள் பக்கத்தில் போனால் எங்கள் கிழட்டு நாய் உறுமுகிறது. இதுவரை கடித்ததில்லை. உறுமும்போதெல்லாம் அடி கொடுத்து வருகிறேன். இப்போது உறுமுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டது. சரியான வழியில்தான் போகிறேனா?
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை தம்பி. உடனே நிறுத்துங்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

1993இல் நாங்கள் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். ராணி என்ற 9 வயது நாய், பாதி ராஜபாளையம், பாதி தெரு. என் மகனுக்கு 11 மாதம், சுவரைப் பிடித்து நிற்கிற வயது. அவன் பக்கத்தில் போனால் ராணி தொண்டைக்குள் உறுமுவாள். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் "ஏய்!" என்று அதட்டுவோம். பத்து நாளில் உறுமல் நின்றுவிட்டது. பழகிவிட்டாள் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஒரு சாயங்காலம் தோசையைத் திருப்பிப் போடத் திரும்பினேன். அவ்வளவுதான் நேரம். மகன் ராணியின் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறான். சத்தமே இல்லாமல் ஒரு கவ்வு. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, 2 தையல். தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. மருமகள் அதைச் சிரிக்கும்போது விழும் குழி என்று நினைத்தாளாம்.

மறுநாள் ராணியின் காதைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே சீழ். எத்தனை நாளாக வலித்ததோ! ஊர் நாய்க்கெல்லாம் காது கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தவள் நான். "என்னைத் தொடாதே, வலிக்கிறது" என்று சொல்ல ராணிக்கு இருந்தது ஒரே ஒரு சொல், அந்த உறுமல். அதையும் நாங்கள் அதட்டிப் பிடுங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு பேசுவதற்கு அவளிடம் பல் மட்டும்தான் மிச்சம்.

உங்கள் நாய் உறுமலைக் குறைத்துவிட்டது என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். முதலில் அதை டாக்டரிடம் காட்டுங்கள். பல், காது, இடுப்பு மூட்டு, கண் பார்வை நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வயசான நாய்க்கு நாலில் ஒன்று கட்டாயம் மக்கர் செய்யும். அதுவரை, ஏன் அதற்குப் பிறகும், அது படுக்கும் சாக்குக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் மகள் போக முடியாதபடி தடுப்பு வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் எலும்பு கடிக்கும் நேரத்திலும் கதவு சாத்தியிருக்கட்டும். நாய் எழுந்து விலகிப் போக எப்போதும் ஒரு வழி இருக்கட்டும், மூலையில் மாட்டிக்கொள்ள விடாதீர்கள்.

உறுமுவதற்கு முன்னாலேயே அது வேறு பாஷையில் சொல்லும், நாம் கவனிப்பதில்லை. தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். எதுவும் தின்னாமல் நாக்கால் மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். உடம்பு கட்டை போல விறைக்கும். இதில் எதைப் பார்த்தாலும் நாயை ஒன்றும் சொல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வால் ஆடுகிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். விறைத்த உடம்பில் வால் ஆடுவது சந்தோஷம் அல்ல.

ராணி அதன் பிறகு 4 வருடம் எங்களோடு இருந்தாள். காது ஆறியது. நடுவே ஒரு மரத் தடுப்பும் இருந்தது.

*

கேள்வி: நாய் கடித்துவிட்டால், குழந்தைக்கு என்ன முதலுதவி? மஞ்சள், சுண்ணாம்பு வைக்கலாமா? வீட்டு நாய், ஊசி போட்டதுதான் என்றால் காத்திருக்கலாமா?
(இதே கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, சோப்பு போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். குழந்தை கத்தும், நீங்களும் அழுவீர்கள், ஆனாலும் 15 நிமிடம். வெறிநோயின் கிருமியைக் காயத்திலேயே குறைப்பது அந்தக் கழுவல்தான். இறுக்கிக் கட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வந்த கடிக்கு, அதிலும் முகத்துக் கடிக்கு, காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு. அதைப் போட்டார்களா என்று நீங்களே கேளுங்கள். தலையும் முகமும் மூளைக்குப் பக்கம், அங்கே கடி பட்டால் நோய் சீக்கிரம் வரலாம். வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று காத்திருக்க வேண்டாம். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயை 10 நாள் கட்டி வைத்துப் பாருங்கள். 10 நாளும் நாய் நன்றாக இருந்தால் கடைசி ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். நாயை அடித்துக் கொன்றுவிட்டு வந்து நிற்பார்கள் சிலர். கொன்றுவிட்டால் எதைப் பார்ப்பது? தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தப் பழைய ஊசி 2005க்குப் பிறகு நம் நாட்டில் கிடையாது, அதை நினைத்துத் தள்ளிப்போடவும் வேண்டாம். கடி பட்டது பால் கொடுக்கும் தாய் என்றாலும் ஊசி போடலாம், பாலும் கொடுக்கலாம்.

*

கேள்வி: உண்ணிக்கு நாயைக் குளிப்பாட்டும் மருந்து வாங்கி வைத்திருக்கிறோம். குழந்தை இருக்கும் வீட்டில் பயன்படுத்தலாமா?
வாசகி, தர்மபுரி

பதில்: மருந்தை விட அதை வைக்கும் பாட்டில்தான் எனக்குக் கவலை. கடையில் வாங்கிய மருந்தைப் பாதி பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறோம். அமிட்ராஸ் கலந்த மருந்து ஒரு மடக்கு உள்ளே போனாலும் குழந்தை கண் சொருகித் துவண்டுவிடும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாங்கிய பாட்டிலிலேயே, எட்டாத அலமாரியில் வையுங்கள். குளிப்பாட்டிய நாய் முழுக்கக் காயும்வரை குழந்தை பக்கம் வேண்டாம். கழுத்தில் சொட்டு மருந்து விட்டாலும் அப்படியே.

நாய்மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும், அதுவும் நாய்மேல் அல்ல, சுவர் வெடிப்பில், கதவு நிலைச் சந்தில், கூரை ஓரத்தில். நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடைப்பது பாதி வைத்தியம். குழந்தைமேல் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் வேண்டாம், சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை டாக்டரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

*

கேள்வி: மகனின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன்.
வாசகர், ஆவடி

பதில்: நடைவண்டி வாங்குங்கள். இரண்டு கைக்குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் கழுவிவிட உங்கள் மனைவி சம்மதித்தால் மறுபடி எழுதுங்கள். கடிதத்தை அவரே எழுதட்டும்.

*

கேள்வி: அப்பா தினமும் காலையில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு நாய்களுக்கு பிஸ்கட் போடுகிறார். தடுக்க மனம் வரவில்லை.
வாசகி, கும்பகோணம்

பதில்: பிஸ்கட்டைத் தடுக்க வேண்டாம், பேரனை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நாய் ஒரு பிஸ்கட்டுக்குப் பாயும்போது நடுவில் தொங்கும் பிஞ்சுக் காலும் பிஸ்கட்டும் நாய்க்கு ஒன்றுதான். பேரன் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும், தாத்தா கேட்டுக்கு வெளியே நிற்கட்டும்.

*

கேள்வி: எங்கள் பொமரேனியன் குழந்தையின் டயப்பரைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துத் தின்கிறது! வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் கேட்க முடியவில்லை.
வாசகி, ஓசூர்

பதில்: இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிராமத்தில் பிள்ளை முற்றத்தில் இருந்துவிட்டால் ஆச்சிகள் "தோ, தோ" என்று நாயைத்தான் கூப்பிடுவார்கள், துடைப்பத்தை அல்ல. பால் குடிக்கும் குழந்தையின் மலம் நாய்க்குப் பலகாரம். துணி இருந்த காலத்தில் கெடுதல் குறைவு. இப்போது டயப்பருக்குள் இருக்கும் தூள் ஈரம் பட்டால் ஊதிக் கூழாகும், பஞ்சும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து குடலை அடைக்கும். கால் வைத்து மிதித்துத் திறக்கும் மூடிபோட்ட தொட்டியை வாங்கி, பாத்ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நாய் சாப்பிடாமல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துக்கொண்டு இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அப்புறம், டயப்பர் தின்ற வாயோடு அது குழந்தையைக் கொஞ்ச வரும், தெரியும்தானே?

*

கேள்வி: குழந்தைக்குப் போடும் சோப்பையே நாய்க்கும் போடலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: அவசரத்துக்கு ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது. வாராவாரம் போட்டால் தோல் வறண்டு சொறியும், நாய்க்கென்று விற்கும் ஷாம்பூ வாங்குங்கள். சோப்பு பொதுவாக இருந்தாலும் துண்டு மட்டும் பொதுவாக வேண்டாம். குழந்தையின் துண்டை உயரக் கொடியில் காயப்போடுங்கள். ஈரத்துண்டைக் கண்டால் அதன்மேல் படுத்துப் புரளாத நாயை நான் இன்னும் பார்க்கவில்லை.